பொன்னுருக்கலில் விழுந்த வெடிப்பு

கோப்பாய்ச் சந்திக்குச் சற்றுத் தள்ளி, தெருவைப் பார்த்த வீட்டு விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கிடந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார் ஏர்னெஸ்ட். படலையைத் திறந்துகொண்டு வந்த மூவரையும் கண்டதும், இது சிக்கலான விஷயம் என்று அவருக்குப் பட்டுவிட்டது. ரயிலில் கார்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். ரிக்கெற் இல்லாமல் ஏறியவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன் என்று சொல்லிக்கொள்வார். அப்படிப் பிடிபட்டவர்களில் பாதிப்பேரிடம் ரிக்கெற் இருந்தது என்று அவருடைய தங்கை ஐரிஸ் சொல்வாள்.

முன்னால் வந்தவர் நீர்வேலி வாழைத்தோட்டக்காரர் மார்க்கண்டு. சால்வையைத் தோளில் போடாமல் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார். அவருக்குப் பின்னால் மகள் பத்மாவதி. கடைசியாக, ஒரு மரப்பெட்டியைத் துவாயால் மூடி நெஞ்சோடு அணைத்தபடி ஏரம்புப் பத்தர். நீர்வேலியிலும் அயலிலும் நடக்கும் கலியாணங்களுக்குப் பெரும்பாலும் தாலி செய்கிறவர் அவர்தான்.

ஏர்னெஸ்டுக்கு வியப்பைத் தந்தது அந்தப் பெண் வந்ததுதான். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அவளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கல் முடிந்திருக்க வேண்டும். தாலிக்குரிய பவுணை இரு பகுதியாரும் கூடியிருக்க உருக்கிவிட்டால், அதன் பிறகு முகூர்த்தம் வரைக்கும் பெண் வீட்டுப் படலையைத் தாண்டுவதில்லை. சைவக்காரரின் அந்த வழக்கம் கிறிஸ்தவரான அவருக்கும் தெரிந்ததுதான்.

"கார்ட் ஐயா, ரீச்சர் நிக்கிறாவோ?" என்றார் மார்க்கண்டு.

"நிக்கிறா. என்ன, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு?"

"நான் கூட்டிக்கொண்டு வரேல்லை. அவதான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தவ."

ஐரிஸ் கைகளைத் துடைத்தபடி வெளியே வந்தாள். சென்னையில் இரசாயனம் படித்து, மிஷன் பெண் பாடசாலை ஒன்றில் நெடுங்காலம் கற்பித்தவள். சாவகச்சேரிக் கோர்ட்டில் ஒரு வழக்கில், நீதவான் முன்னால் ஒரு மூடை மிளகில் கையளவை அள்ளித் தண்ணீரில் போட்டு, மிளகு எது, கலந்திருந்த பப்பாளி விதை எது என்று பிரித்துக் காட்டியதிலிருந்து, பொலிசுக்குப் போக விரும்பாதவர்கள் அவளிடம் வரத் தொடங்கியிருந்தார்கள். வந்தவர்களை ஏர்னெஸ்ட் விசாரிப்பார்; விஷயத்தை ஐரிஸ் கண்டுபிடிப்பாள்.

"ரீச்சர், பொன் வெடிச்சுப்போச்சு," என்றாள் பத்மாவதி. அவள் ஐரிஸிடம் படித்தவள்.

மிச்சத்தைப் பத்தர் சொன்னார். நேற்று, புதன்கிழமை காலை சாவகச்சேரியில் மாப்பிள்ளை வீட்டில் பவுணை உருக்கினார். பொன் நன்றாகத் திரண்டு உருண்டையாக வந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். அங்கேயே அதைப் பட்டடையில் வைத்து இரண்டு தட்டுத் தட்டினார். மூன்றாவது தட்டுக்கு அது கற்கண்டு மாதிரி வெடித்துச் சிதறியது.

"சபை அப்பிடியே அடங்கிப்போச்சு," என்றார் மார்க்கண்டு. "பேந்து கதவடியிலை நிண்ட பெண்டுகள் குசுகுசுக்கத் தொடங்கிச்சினம். தாலி நிலைக்காதாம். பெட்டையின்ரை சாதகப் பலனாம். மாப்பிள்ளையின்ரை தாய் பராசக்தி ஒண்டும் கதைக்கேல்லை. ஞாயிற்றுக்கிழமை சொல்லி அனுப்பிறன் எண்டவ. சொல்லி அனுப்பினால் என்ன வரும் எண்டு எனக்குத் தெரியாதே?"

"வேறை சிலபேர் நான் பவுணை மாத்திப்போட்டன் எண்டினம்," என்றார் பத்தர். "மாப்பிள்ளையின்ரை மாமன் பொன்னம்பலத்தார் உரைகல்லிலை உரைச்சுப் பாத்துத்தான் என்ரை கையிலை தந்தவர். வெடிச்ச துண்டுகளையும் அவர்தான் பொறுக்கி மடியிலை முடிஞ்சவர்."

ஐரிஸ் பத்மாவதியைப் பார்த்தாள். "பிள்ளை, உமக்கு இந்தக் கலியாணம் நடக்கோணுமோ?"

"அதைப் பேந்து யோசிப்பம் ரீச்சர். எங்கடை ஒழுங்கையிலை நேற்றுத் தொடக்கம் ஒருத்தரும் என்ரை முகத்தைப் பாக்கினமில்லை. இந்தக் கலியாணம் குழம்பினால் இனி ஒரு வீட்டிலையும் என்னை எடுக்க மாட்டினம். பொன் என்னாலை வெடிச்சதெண்டு நான் சாகுமட்டும் சொல்லுவினம். அது ஏன் வெடிச்சதெண்டு எனக்குத் தெரியவேணும். தெரிஞ்சு, அண்டைக்கு அங்கை நிண்ட அவ்வளவு பேருக்கும் முன்னாலை சொல்லவேணும்."

"சரி," என்றாள் ஐரிஸ். "பத்தர், பொன்னிலை என்னென்ன பட்டது?"

"சிரட்டைக்கரி. அதிலை குழி செய்து வைச்சுத்தான் ஊதினனான். கரி என்ரை வீட்டுக் கரி, முதல் நாளும் அதிலைதான் ஒரு மோதிரத்துக்கு உருக்கினனான். பிறகு வெண்காரம், பொன் தெளிஞ்சு ஓடுறதுக்கு. வேறை ஒண்டும் இல்லை."

"பொன்னுருக்கலிலை தட்டிப் பாக்கிறது வழக்கமோ?"

பத்தர் தலையை ஆட்டினார். "இல்லை ரீச்சர். உருக்கித் தாம்பாளத்திலை வைச்சுக் காட்டினால் வேலை முடிஞ்சுது. தட்டிறது, நீட்டிறது எல்லாம் என்ரை பட்டறையிலை. அங்கை வெடிச்சிருந்தால் வெடியுப்புப் போட்டு அழுக்கை எடுத்து மறுபடி உருக்கியிருப்பன். ஒரு குஞ்சுக்கும் தெரியாது. அண்டைக்குப் பொன்னம்பலத்தார்தான் தட்டச் சொன்னவர்."

ஏர்னெஸ்ட் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப அந்தாள்தான். ஐரிஸ், நான் சொல்லிறன், அந்தாள்தான்."

"பெட்டி எங்கை இருந்தது?" என்று ஐரிஸ் பத்தரிடமே கேட்டாள்.

"நிறைகுடத்துக்குப் பக்கத்திலை. இவையின்ரை கார் வந்தவுடனை எல்லாரும் எதிர்கொள்ளப் படலைக்குப் போச்சினம். நான் கை கழுவக் கிணத்தடிக்குப் போனன். குணலட்சுமி, மாப்பிள்ளையின்ரை தமக்கை, விளக்கு ஏத்திக்கொண்டு நிண்டவ. மாப்பிள்ளை அறைக்குள்ளை உடுத்து வெளிக்கிட்டுக்கொண்டு நிண்டவர். பொன்னம்பலத்தார் உள்ளுக்கும் வெளிக்குமாத் திரிஞ்சவர்."

"குணலட்சுமிக்கு இந்தச் சம்பந்தம் துண்டற விருப்பமில்லை," என்றார் மார்க்கண்டு. "தன்ரை புருஷன்ரை தங்கச்சியைத் தம்பிக்குச் செய்விக்க நிண்டவ. ஊருக்கே தெரியும்."

ஏர்னெஸ்ட் மனதுக்குள் பொன்னம்பலத்தாரைக் கீழே இறக்கிவிட்டுக் குணலட்சுமியை ஏற்றினார்.

"மாப்பிள்ளை?" என்றாள் ஐரிஸ்.

"நமசிவாயம் தங்கமான பெடியன்," என்றார் மார்க்கண்டு. " மலாயாவிலை, பகாங்கிலை, ஒரு சுரங்கக் கந்தோரிலை கிளாக்கர். லீவிலை வந்தவர். தாய் எல்லாம் பேசி முடிச்சு வைச்சிட்டுத்தான் வரச் சொல்லி எழுதினவ."

மலாயாச் சுரங்கம் என்றால் வெள்ளீயம் என்று ஏர்னெஸ்ட் நினைத்துக்கொண்டார். அவருடைய பழைய கூட்டாளிகள் சிலர் அங்கே போயிருந்தார்கள்.

ஐரிஸ் மரப்பெட்டியைத் திறந்து, அதிலிருந்த சின்னப் பித்தளைச் செப்பை எடுத்தாள். உள்ளே வெள்ளைப் பொடியாக வெண்காரம். "புதன்கிழமைக்குப் பிறகு இதைத் தொட்டியளோ?"

"இல்லை. பெட்டியை மூடினது மூடினபடி."

"நல்லது. அண்ணை, உந்தக் காந்தத்தை எடுத்துக்கொண்டு வாங்கோ."

சாப்பாட்டு மேசையில் இரண்டு கடதாசிகளை விரித்தாள். செப்பின் மேற்பக்கத்திலிருந்து ஒரு கரண்டிப் பொடியை மெல்ல வழித்து ஒன்றில் வைத்தாள். பிறகு அடிவரைக்கும் தோண்டி ஒரு கரண்டி எடுத்து மற்றதில் வைத்தாள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். காந்தத்தை மெல்லிய கடதாசியில் சுற்றி முதற் குவியலின் மேல் நகர்த்தினாள். கறுப்பு மயிர்போலச் சில தூள்கள் எழுந்து ஒட்டின.

"இரும்பு," என்றார் ஏர்னெஸ்ட், வெற்றியோடு.

"அது என்ரை அரத்தின்ரை தூள் ஐயா," என்றார் பத்தர். "எந்தப் பத்தற்றை பெட்டியிலையும் கிடக்கும்."

அடிப்பொடியிலும் அதே அளவுதான் ஒட்டியது. "மேலையும் கீழையும் ஒரேமாதிரி இருக்கு. அப்ப இது பழசு. இதாலை ஒண்டுமில்லை," என்று ஐரிஸ் காந்தத்தை விலக்கி வைத்தாள்.

இரண்டு கண்ணாடித் தம்ளர்களில், கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றினாள். அடிப்பொடியை ஒன்றில் கொட்டிக் கலக்கினாள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தெளிந்தது. வெண்காரம் முழுக்கக் கரைந்துவிட்டது. மேற்பொடியை மற்றதில் கொட்டிக் கலக்கினாள். அது பால்போலக் கலங்கியது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, கலங்கல் மெல்லமெல்லக் கீழே இறங்கி, தம்ளரின் அடியில் வெள்ளையாகப் படிந்தது. அதன் மேல் மினுமினுப்பான சில செதில்களும் கிடந்தன.

பத்தர் தம்ளருக்குக் கிட்டக் குனிந்தார். "உது என்ரையில்லை," என்றார்.

"உங்கடையெண்டால் அடியிலையும் இருந்திருக்கும். இதை ஆரோ மேலாலை தூவியிருக்கினம். கலக்க நேரமிருக்கேல்லை."

ஏர்னெஸ்ட் தம்ளரை முகர்ந்து பார்த்தார். "கற்பூரம். அந்த மினுங்கிறது கற்பூரம், ஐரிஸ். சைவக்காற வீடு, நிறைகுடம், விளக்கு. குணலட்சுமி விளக்கு ஏத்தினவ எண்டு இப்பதானே சொன்னவர்."

ஐரிஸ் எதிர்த்துப் பேசவில்லை. மருந்தலுமாரியிலிருந்து ஒரு துண்டுக் கற்பூரத்தை எடுத்து, நகத்தால் கிள்ளி அதே தம்ளரில் போட்டாள். அது மிதந்தது. மிதந்ததோடு நில்லாமல், பேய் பிடித்ததுபோல் தண்ணீரின் மேல் சுற்றிச் சுற்றி ஓடியது. பத்மாவதிக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது.

"கற்பூரம் மிதக்கும். அந்தச் செதில் அடியிலை தாண்டுபோய்க் கிடக்கு," என்றாள் ஐரிஸ்.

படிந்ததைச் சீலையில் வடித்து, நிழலில் உலரவிட்டாள். அதற்குள் எல்லாரும் தேத்தண்ணீர் குடித்தார்கள். உலர்ந்த பொடியை ஒரு பீங்கான் தட்டில் பரப்பி, மேலே ஒரு குளிர்ந்த கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து, தட்டின் கீழே ஸ்பிரிற் விளக்கை மெல்ல எரியவிட்டாள். செதில்கள் உருகின, பிறகு மறைந்தன. கவிழ்த்த கிண்ணத்தின் உட்புறத்தில் பனி படிந்ததுபோல் வெள்ளை ஊசிகள் முளைத்தன. விளக்கை அணைத்து, ஆறவிட்டு, கிண்ணத்தைத் தமையனிடம் நீட்டினாள். "இப்ப மணந்து பாருங்கோ."

ஏர்னெஸ்ட் முகர்ந்தார். அவருக்கு நானுஓயாக் குளிரும், ராத்திரி ரயிலும், அலுமாரியில் தொங்கும் தன் கம்பளிக் கோட்டும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. "பூச்சி உருண்டை," என்றார். "என்ரை கோட்டு."

"ஓம். நப்தலீன். கற்பூரத்தைப் போலத்தான் மணக்கும், சூட்டிலை ஆவியாயும் போகும். ஆனால் மிதக்காது."

தட்டில் மிஞ்சிய பாரமான வெள்ளைப் பொடியை ஒரு கரித்துண்டில் வைத்துப் பத்தரிடமே கொடுத்தாள். அவர் தன் ஊதுகுழலால் சுவாலையை அதன்மேல் வளைத்து ஊதினார். வெள்ளை மஞ்சளாகியது, பிறகு நடுவில் ஒரு சாம்பல் நிற மணி திரண்டது. ஆறியபின் பத்தர் அதை விரலால் எடுத்துக் கடதாசியில் இழுத்தார். பென்சில் கோடுபோல் விழுந்தது. நகத்தால் அமத்தினார். நசிந்தது.

"ஈயம்," என்றார். "பொன்னுக்கு இதைவிட நஞ்சில்லை. மணி அளவு சேர்ந்தாலே காணும், பொன் பிஸ்கோத்தாய்ப் போகும்."

"கதவு யன்னலுக்குச் சாயம் குழைக்கிற ஈயவெள்ளை," என்றாள் ஐரிஸ். "கரியிலை வைச்சு ஊதினால் ஈயமாய்த் திரும்பும். மார்க்கண்டர், அந்த வீட்டுக்கு அண்மையிலை சாயம் அடிச்சவையோ?"

"கலியாணத்துக்கெண்டு எல்லா யன்னலுக்கும் அடிச்சிருக்கினம். பளிச்செண்டு நிக்குது."

பத்மாவதி அந்தச் சாம்பல் மணியை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப இது ஆரோ செய்தது."

"ஓம் பிள்ளை. ஆரோ செய்தது."

"இனி ஆளைப் பிடிக்கிறதுதானே," என்றார் ஏர்னெஸ்ட். "வெண்காரம் தண்ணியிலை போச்சு, இரும்பு காந்தத்திலை போச்சு, உருண்டை சூட்டிலை போச்சு. அந்த வீட்டு ஆக்களையும் உப்பிடியே பிரிச்சால் முடிஞ்சுது."

"ஆக்களைத் தண்ணியிலை போடேலாது, அண்ணை," என்றாள் ஐரிஸ்.

மறுநாட் காலை ஐவரும் வாடகைக் காரில் கைதடிப் பாலத்தைக் கடந்து சாவகச்சேரிக்குப் போனார்கள். வழி நெடுக ஏர்னெஸ்ட் ஒவ்வொருவராகக் குற்றவாளியாக்கினார். கோப்பாயில் ஏறும்போது குணலட்சுமி, பாலத்தில் பொன்னம்பலத்தார், சந்தைக்குக் கிட்ட வந்தபோது, வேறு ஒருவரும் மிஞ்சாமல், பராசக்தி. பத்மாவதி தகப்பனின் பக்கத்தில் இருந்தாள்.

அந்த வீட்டின் யன்னல்கள் வெயிலில் கண்ணைக் கூசச் செய்தன. வேலிக்கு மேலால் அயல் வீட்டுத் தலைகள் எட்டிப் பார்த்தன. கலியாணப் பெண் காரிலிருந்து இறங்குவதைக் கண்டதும் பராசக்தியின் முகம் இறுகியது. அவள் பத்மாவதியோடு பேசவில்லை. ஐரிஸிடம் திரும்பினாள்.

"வேதக்காற ஆக்களுக்கு எங்கடை பொன்னுருக்கலிலை என்ன சோலி?"

"பொன்னுருக்கலிலை ஒரு சோலியும் இல்லை, அம்மா. பொன்னிலை என்ன கலந்தது எண்டு சொல்ல வந்தனான். புதன்கிழமை நிண்ட ஆக்களைக் கூப்பிட்டு விடுங்கோ. கேட்டுப்போட்டு விருப்பமெண்டால் என்னைக் கலைச்சு விடுங்கோ."

பொன்னம்பலத்தார் இடையில் வந்தார். நரைத்த மீசை, பாரமான குரல். "கூப்பிடு பராசக்தி. பத்தர் கள்ளனோ இல்லையோ எண்டு எனக்கும் தெரியத்தான் வேணும்."

ஆட்கள் சேரும்வரைக்கும் ஐரிஸ் சும்மா இருக்கவில்லை. குசினி வாசலில் நின்ற குணலட்சுமியிடம் போனாள். ஏர்னெஸ்டும் காதைத் தீட்டிக்கொண்டு பின்னால் போனார்.

"எங்கடை அண்ணையின்ரை கம்பளிக் கோட்டைப் பூச்சி அரிக்குது, தங்கச்சி. உங்கடை சேலைப் பெட்டிக்குப் போடுற பூச்சி உருண்டையிலை ரெண்டு தருவீரோ?"

"ஐயோ ரீச்சர், என்ரை பெட்டியிலை வேப்பிலைதான். எனக்கு முட்டு வருத்தம். அந்த மணம் மூக்கிலை பட்டால் அண்டு முழுக்க மூச்சு இழுக்கும். தம்பி மலாயாவிலை இருந்து கொண்டுவந்த பெட்டியைத் திறக்கேக்கை நான் பின்வளவிலை போய் நிண்டனான். இந்த வீட்டிலை அது அவனிட்டை மட்டும்தான் கிடக்கு, அவனைக் கேளுங்கோ. பெட்டியைப் பூட்டித் திறப்பை அரைஞாணிலை கட்டியிருக்கிறான்."

ஏர்னெஸ்டின் மனதில் இருந்த வரிசையில் முதல் பெயர் விழுந்தது. அடுத்த பெயரை அங்கே எழுத அவருக்குத் துணிவு வரவில்லை.

மண்டபத்தில் பாய்கள் விரிக்கப்பட்டன. ஆண்கள் முன்னால் இருந்தார்கள்; பெண்கள் கதவடியில் நின்றார்கள். நமசிவாயம் தூணோடு சாய்ந்து இருந்தான். மெலிந்த, நல்ல முகவெட்டான மனிதன். பத்மாவதியை ஒரு முறை பார்த்தான், பிறகு பார்க்கவில்லை.

ஐரிஸ் தான் செய்ததைச் சபைக்குச் சொன்னாள். கரைந்தது எது, கரையாதது எது என்று சுருக்கமாகச் சொல்லி, சாம்பல் மணியைக் கையால் கையாக அனுப்பினாள். ஆட்கள் நகத்தால் அழுத்திப் பார்த்தார்கள்.

"ஈயம் பவுணிலையே இருந்திருக்கலாந்தானே?" என்றான் நமசிவாயம்.

"இருந்திருக்கலாம். ஆனால் வெண்காரத்திலையும் கிடந்தது. அதுவும் மேற்பக்கத்திலை மட்டும். அண்டைக்குத் தூவினது. பத்தர் கலந்திருந்தால் அடிவரைக்கும் கலந்திருப்பார். தன்ரை பிழைப்பைத் தானே சபையிலை உடைச்சும் இருக்கமாட்டார்." ஐரிஸ் பொன்னம்பலத்தார் பக்கம் திரும்பினாள். "ஐயா, நீங்கள் எத்தினையோ பொன்னுருக்கல் பாத்திருப்பியள். எங்கையாவது பொன்னைத் தட்டிக் காட்டச் சொன்னியளோ?"

பொன்னம்பலத்தார் மீசையைத் தடவினார். "இல்லை."

"அண்டைக்கு ஏன் சொன்னியள்?"

"அது..." அவர் நிறுத்தினார். தூண் பக்கம் பார்த்தார். "தம்பிதான் காதுக்குள்ளை சொன்னவன். தட்டச் சொல்லுங்கோ மாமா, மலாயாவிலை எங்கடை ஆக்கள் அப்பிடித்தான் செய்யிறவை எண்டு. மாப்பிள்ளை ஆசைப்படுறான், தட்டட்டுமன் எண்டு நினைச்சன்."

சபையில் சால்வைகள் அசைந்தன. ஏர்னெஸ்டுக்குக் குற்றவாளியை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று நேற்று முழுக்க இருந்த துடிப்பு இப்போது எங்கே போனதென்று தெரியவில்லை.

"ஈயத்தைத் தூவினவருக்கு ஒரு பயம் இருந்தது," என்று ஐரிஸ் தொடர்ந்தாள். "வழக்கப்படி விட்டால் பொன் பத்தற்றை பட்டறையிலைதான் வெடிக்கும். அவர் சத்தமில்லாமல் திருத்திப்போடுவார். கலியாணம் நடந்துபோகும். சபையிலை வெடிச்சால்தான் கலியாணம் குழம்பும். அதாலை, தட்டச் சொன்னது ஆரோ அவருக்குத்தான் அது வெடிக்குமெண்டு முன்கூட்டித் தெரியும். அந்த ஈயவெள்ளையைப் பூச்சி உருண்டை போட்ட பெட்டியிலை ஒளிச்சு வைச்சிருக்கினம்; உருண்டையின்ரை தூளும் அதோடை சேர்ந்து வந்திட்டுது. இந்த வீட்டிலை அப்பிடி ஒரு பெட்டிதான் இருக்கு." அவள் குரலை உயர்த்தவில்லை. "தம்பி, உங்கடை சுரங்கத்திலை என்ன எடுக்கினம்?"

நமசிவாயம் தூணை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"தங்கம்," என்றான்.

"ஈயம் பட்ட பொன் என்ன ஆகுமெண்டு உங்கடை கந்தோரிலை பியோனுக்கும் தெரியுமாக்கும்."

"தெரியும்."

"விசரே உனக்கு?" பராசக்தி கதவடியிலிருந்து முன்னால் வந்தாள். "ஏன்ரா செய்தனி?"

"அங்கை எனக்கு ஆள் இருக்கு, அம்மா. ஒரு பிள்ளையும் இருக்கு. நாலுமுறை சொல்ல வெளிக்கிட்டன். சொல்லவிட்டனீங்களோ? கப்பலாலை இறங்கேக்கை பந்தல் போட்டு வைச்சிருந்தியள். சகுனம் பிழைச்சால் நீங்களே விட்டிடுவியள் எண்டு நினைச்சன். ஒருத்தற்றை தலையிலையும் பழி விழாதெண்டு..."

"என்ரை தலையிலை விழுந்தது," என்றாள் பத்மாவதி.



பராசக்தி மூச்சு வாங்கினாள். பிறகு, வீட்டுக் காரியம் ஒன்றைத் தீர்ப்பதுபோல, "ஆம்பிளையள் பிறதேசத்திலை உப்பிடித்தான். இனி என்ன? பொன்னிலை பிழையில்லை எண்டு வந்திட்டுது. முகூர்த்தம் கிடக்கு. வாற வெள்ளிக்கிழமை தாலியைக் கட்டட்டும். என்ன மார்க்கண்டர்?" என்றாள்.

மார்க்கண்டு சால்வையை முறுக்கினார். அவர் ஓம் என்று சொல்லிவிடுவாரோ என்று ஏர்னெஸ்ட் பயந்தார். ஆனால் மார்க்கண்டு மகளைப் பார்த்தார்.

"முதலிலை பொன்னை உருக்குங்கோ," என்றாள் பத்மாவதி. "அண்டைக்குப் பாத்த ஆக்கள் இண்டைக்கும் பாக்கட்டும்."

பொன்னம்பலத்தார் மடியை அவிழ்த்து வெடித்த துண்டுகளைக் கொடுத்தார். இந்த முறை பத்தர் கரிக்குழியில் வைக்கவில்லை. களிமண் மூசையில் போட்டு, வெடியுப்பும் புது வெண்காரமும் இட்டு உருக்கினார். ஆறவைத்து, கழுவி, மறுபடியும் உருக்கினார். கடைசியில் அதைப் பட்டடையில் வைத்துச் சுத்தியலை எடுத்தபோது கதவடிப் பெண்கள் முன்னால் நெருங்கி வந்தார்கள். தட்டினார். பொன் தட்டையாகியது. மறுபடி மறுபடி தட்டினார். அது வெற்றிலை நுனிபோல் மெலிந்து விரிந்தது. ஓரத்தில்கூட ஒரு கீறல் இல்லை. பத்தர் நிறுத்தாமல் தட்டிக்கொண்டே இருந்தார். அவருடைய கன்னத்தில் நீர் வழிந்தது.

பொன்னம்பலத்தார் எழுந்து நின்றார். "பத்தரிலை பிழையில்லை. மார்க்கண்டரின்ரை பிள்ளையிலை ஒரு குறையும் இல்லை. பிழை எங்கடை வீட்டிலை. ஆர் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்லுவன்."

"பெரிய உபகாரம் ஐயா," என்றாள் பத்மாவதி. பிறகு பராசக்தியிடம், "மாமி, நான் மாட்டன். அந்தத் தகட்டிலை தாலி செய்விச்சு, இவற்றை பிள்ளைக்குத் தாயாய் இருக்கிறவவுக்கு அனுப்புங்கோ," என்றாள்.

பராசக்தி மகனைப் பார்த்தாள். "பெட்டையோ பெடியனோ?"

"பெட்டை. உங்கடை பேர்தான் வைச்சது."

பராசக்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். அறைக்கதவு சாத்தப்பட்டது.

வெளியே வந்தபோது வேலிக்கு மேலால் பார்த்த தலைகள் இப்போது தெருவுக்கே வந்து நின்றன. மார்க்கண்டு கார்க் கதவைத் திறந்தார். பத்மாவதி ஏறவில்லை. திரும்பிப் பொன்னம்பலத்தாரைப் பார்த்தாள்.

"ஐயா, இஞ்சை சொன்னது இஞ்சை உள்ள ஆக்களுக்குத்தான் கேட்டது. நான் இருக்கிறது நீர்வேலியிலை."

பொன்னம்பலத்தார் உள்ளே போய், சரிகைச் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ஏர்னெஸ்ட் முன் இருக்கையிலிருந்து இறங்கி அவருக்கு இடம் விட்டு, பின்னால் பத்தரோடு நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

கார் வெளிக்கிட்டதும் பத்மாவதி முன்னால் குனிந்து சாரதியிடம் சொன்னாள். "எங்கடை வீட்டு வாசலுக்கு விடாதையுங்கோ. சந்தியிலை நிப்பாட்டுங்கோ. இவர் எங்களோடை ஒழுங்கை முழுக்க நடந்து வரட்டும்."